லிங்கன் அமைச்சரவை அமைத்த அந்தரங்கக் கடிதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1860 நவம்பர் 6-ஆம் தேதி அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜெயித்த ஆபிரகாம் லிங்கன், 1861 மார்ச் 4-ஆம் தேதிதான் பதவியேற்றார். இடைப்பட்ட நான்கு மாதங்களில் அமைச்சர்களைத் தேடி அவர் எழுதிய கடிதங்கள் பல இன்று அச்சில் கிடைக்கின்றன. அவற்றைப் படிப்பவர்களுக்கு வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆள் சேர்க்கும் விஷயத்தில் லிங்கன் எதையும் சீக்கிரம் காகிதத்தில் வைக்க மாட்டார். வைத்தாலும் ஊருக்கு ஒன்று, உள்ளுக்கு ஒன்று என்று இரண்டாக வைப்பார். இந்த வழக்கத்தை விட்டு அவசரப்பட்ட இடத்தில் நன்றாக மாட்டிக்கொண்டார்.

ஜெயித்த பிறகு நான்கு மாதம் ஏன் காத்திருக்க வேண்டும்?

அன்றைய சட்டம் அப்படி. பழைய அதிபர் ஜேம்ஸ் புக்கானன் மார்ச் தொடக்கம் வரை நாற்காலியில் இருந்தார். லிங்கன் இலினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், சொந்த ஊரில், அதிகாரம் ஏதும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அதற்குள் நாடு உடையத் தொடங்கிவிட்டது. அடிமைமுறைக்கு ஆபத்து வரும் என்று பயந்த தெற்கு மாநிலங்கள் விலகின. டிசம்பர் 20-ஆம் தேதி தென் கரோலினா பிரிந்துபோனது. பிப்ரவரி 1-ஆம் தேதிக்குள் ஏழு மாநிலங்கள் போய்விட்டன.

இன்னொரு சிக்கலும் இருந்தது. லிங்கன் 1847 முதல் 1849 வரை ஒரே ஒரு தவணை நாடாளுமன்றத்தில் இருந்தவர். தலைநகரத்துப் பெரிய தலைகள் பலரோடு அவருக்கு நெருங்கிய பழக்கம் கிடையாது. கட்சியும் புதுசு. 1854-இல் பிறந்த குடியரசுக் கட்சியில் பழைய விக் கட்சிக்காரர்களும் பழைய ஜனநாயகக் கட்சிக்காரர்களும் அரைமனதாகக் கூடியிருந்தார்கள். இவர்களைத் தபாலிலும் தந்தியிலும் வைத்தே ஒரு அமைச்சரவையாக ஆக்க வேண்டியிருந்தது.

அமெரிக்க அமைச்சர்கள் எம்.பி.க்களா?

இல்லை. இந்தியாவில்போல அமைச்சர் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ உறுப்பினராக இருக்கத் தேவையில்லை. இருந்தால் அந்தப் பதவியை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அதிபர் பெயரைச் சொல்வார், செனட் சபை ஒப்புதல் தரும். அதனால்தான் லிங்கனின் கடிதங்களில் “உரிய நேரத்தில் உங்கள் பெயரை செனட்டுக்கு அனுப்புவேன்” என்ற வாசகம் அடிக்கடி வருகிறது. அன்று மொத்தம் ஏழு பதவிகள்: வெளியுறவு, நிதி, போர், கடற்படை, உள்துறை, அஞ்சல், அப்புறம் அட்டர்னி ஜெனரல்.

பட்டியலை அவர் எப்போது போட்டார்?

தேர்தல் முடிவு வந்த ராத்திரியே மனதுக்குள் ஏறக்குறையப் போட்டுவிட்டதாக லிங்கன் பிற்பாடு சொன்னார். கடற்படை அமைச்சரான கிடியன் வெல்ஸ் அதைக் குறித்து வைத்திருக்கிறார். அந்தப் பட்டியலுக்கும் மார்ச் 5-ஆம் தேதி செனட்டுக்குப் போன பட்டியலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்படியென்றால் நான்கு மாதக் கடிதப் போக்குவரத்து எதற்கு? யாரை எடுப்பது என்பதற்காக அல்ல. தான் எடுக்கப்போகிறவரை மற்றவர்களும் ஏற்றுக்கொள்ள வைப்பதற்காக. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துப் படித்தால்தான் கடிதங்களின் தயக்கமும் சுற்றிவளைப்பும் புரியும்.

சிவார்டுக்கு ஒரே நாளில் இரண்டு கடிதம் எழுதினாராமே?

ஆமாம், 1860 டிசம்பர் 8. நியூயார்க் செனட்டர் வில்லியம் சிவார்ட் கட்சியின் மிகப் பெரிய பெயர். அதிபர் வேட்பாளர் இடம் தனக்குத்தான் என்று எல்லோரையும்போல அவரும் நம்பியிருந்தார். சிகாகோ மாநாட்டில் லிங்கன் தட்டிக்கொண்டு போனார்.

முதல் கடிதம் சம்பிரதாயமானது. உங்கள் அனுமதியோடு வெளியுறவு அமைச்சர் பதவிக்கு உங்கள் பெயரை செனட்டுக்கு அனுப்புவேன், அவ்வளவுதான். யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். இரண்டாவது கடிதத்தின் தலையில் “தனிப்பட்டது, அந்தரங்கம்” என்று எழுதியிருந்தது. வெறும் மரியாதைக்காகத்தான் பதவியைக் கொடுப்பார்கள், சிவார்ட் மறுத்துவிடுவார் என்று எதிர்பார்த்துத்தான் கொடுப்பார்கள் என்று பத்திரிகைகளில் வதந்தி வருகிறது. அதற்கு இடம்கொடுக்கும்படி நான் எதுவும் சொல்லவில்லை. சிகாகோவில் வேட்பாளரான நாளிலிருந்தே இந்த இடம் உங்களுக்கு என்றுதான் வைத்திருக்கிறேன் என்று அதில் விளக்கியிருந்தார்.

முதல் கடிதம் மட்டும் போயிருந்தால் வதந்தி உண்மைபோலவே இருந்திருக்கும். இரண்டாவது மட்டும் போயிருந்தால் சிவார்ட் நண்பர்களிடம் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருந்திருக்காது. இரண்டும் நேரே தபாலில் போகவும் இல்லை. துணை அதிபராகத் தேர்வாகியிருந்த ஹானிபல் ஹாம்லினுக்கு அனுப்பி, இலினாய் செனட்டர் லைமன் ட்ரம்புலோடு கலந்துகொண்டு, தடை ஒன்றும் இல்லையென்றால் மட்டும் கொடுக்கச் சொன்னார். சிவார்ட் யோசிக்க நேரம் கேட்டார். டிசம்பர் 28-ஆம் தேதி சம்மதம் எழுதினார்.

பேட்ஸ் பெயர் பத்திரிகையில் கசிந்தது தற்செயலா?

இல்லவே இல்லை, லிங்கனே கசியவிட்டார். மிசௌரி மாநிலத்து எட்வர்ட் பேட்ஸ் நிதானமான பெரியவர். அடிமைமுறை இருந்த மாநிலத்துக்காரர். அவர் பெயர் வெளியே தெரிந்தால், வடக்குக்கும் தெற்குக்கும் நடுவில் இருந்த எல்லை மாநிலங்களில் கொஞ்சம் பதற்றம் தணியும் என்று கணக்கு. டிசம்பர் 18-ஆம் தேதி பேட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், ‘மிசௌரி டெமாக்ரட்’ பத்திரிகையில் ஒரு சின்னக் குறிப்பு வரட்டும் என்று சொல்லி, அதன் வாசகத்தையும் தானே எழுதிக் கொடுத்தார். திரு. லிங்கன், திரு. பேட்ஸ் இருவரின் அனுமதியோடு சொல்கிறோம், பேட்ஸுக்கு அமைச்சரவையில் இடம் தரப்படும், அவரும் ஏற்பார், எந்தத் துறை என்பது முடிவாகவில்லை: இதுதான் குறிப்பு. வேண்டுமானால் திருத்திக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தார். இன்று எந்தக் கட்சியின் செய்தித் தொடர்பாளரும் இதைவிடச் சுத்தமாகச் செய்துவிட முடியாது.

தெற்கத்தியர்களுக்கு இடம் கொடுக்க உண்மையிலேயே நினைத்தாரா?

நினைத்தார், ஆனால் நம்பிக்கை குறைவு. டிசம்பர் 12-ஆம் தேதி ஸ்பிரிங்ஃபீல்டின் ‘இலினாய் ஸ்டேட் ஜர்னல்’ பத்திரிகையில் பெயரில்லாமல் ஒரு குறிப்பு வந்தது. எழுதியவர் லிங்கன். எதிர்த்தரப்புத் தெற்கத்தியர் இரண்டு மூன்று பேரை அவர் சேர்க்கப்போகிறார் என்று பேசிக்கொள்கிறார்களே, சில கேள்விகள் கேட்கிறோம் என்று அது தொடங்கும். அப்படி மதிப்புள்ள ஒருவர் பதவியை ஏற்பார் என்பதற்கு உறுதி உண்டா? ஏற்றால் எந்த நிபந்தனையில்? கருத்து வேறுபாட்டில் அவர் லிங்கனிடம் சரணடைவாரா, லிங்கன் அவரிடம் சரணடைவாரா? இல்லை, இருவரும் வெளிப்படையாக மோதிக்கொண்டே ஆட்சி நடத்துவார்களா?

ஆனாலும் முயன்று பார்த்தார். கெண்டக்கியின் ஜேம்ஸ் கத்ரியிடம் ஆள் விட்டுக் கேட்டபோது அவர் வயதைக் காரணம் காட்டி மறுத்தார். வட கரோலினாவின் ஜான் கில்மருக்கு டிசம்பர் 15-ஆம் தேதி எழுதிய கடிதம் முக்கியமானது. நீங்கள் அடிமைமுறை சரி, அது பரவ வேண்டும் என்கிறீர்கள். நாங்கள் அது தவறு, அதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்கிறோம் என்று மழுப்பாமல் சொன்னார். புதிய பிரதேசங்களில் அடிமைமுறை என்ற பேச்சுக்கே இடமில்லை என்றும் சொன்னார். பிற்பாடு சிவார்ட் மூலம் கில்மருக்குப் பதவி பேசப்பட்டது. அவர் வரவில்லை. கொள்கையை விட்டுக்கொடுத்து ஆள் பிடிக்க லிங்கன் தயாராக இல்லை என்பதற்கு இந்தக் கடிதமே போதும்.

கேமரன் விவகாரம் என்ன?

இங்கேதான் கதை சூடுபிடிக்கிறது. பென்சில்வேனியாவின் சைமன் கேமரன் பணக்காரர், கட்சி எந்திரத்தைக் கையில் வைத்திருந்தவர், நேர்மை விஷயத்தில் பெயர் கெட்டவர். சிகாகோ மாநாட்டில் பென்சில்வேனியாவின் வாக்குகளைப் பெற லிங்கனின் ஆட்கள், முக்கியமாக நீதிபதி டேவிட் டேவிஸ், அவருக்கு அமைச்சர் பதவி வாக்களித்ததாகப் பேச்சு. “என்னைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதுவும் செய்யாதீர்கள்” என்று லிங்கன் முன்பே ஒரு பத்திரிகையின் ஓரத்தில் எழுதி அனுப்பியிருந்தார். ஆட்கள் அதைக் கேட்டார்களா என்பது வேறு விஷயம்.

டிசம்பர் கடைசியில் கேமரன் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வந்தார். 31-ஆம் தேதி லிங்கன் அவர் கையில் ஒரு கடிதம் கொடுத்தார்: நிதி அல்லது போர்த்துறை, இரண்டில் எது என்று இன்னும் முடிவாகவில்லை, உரிய நேரத்தில் உங்கள் பெயரை அனுப்புவேன். வழக்கமான எச்சரிக்கை இங்கே காணோம். இடையில் ஹாம்லினும் இல்லை, ட்ரம்புலும் இல்லை. கேமரன் அந்தக் கடிதத்தை ஒளித்து வைக்கிற ஆளும் இல்லை, நண்பர்களிடம் காட்டினார்.

மூன்று நாள் கழித்து, அதே மாநிலத்தின் அரசியல்வாதி அலெக்சாண்டர் மெக்ளூர் எதிர்ப்போடு வந்து இறங்கினார். 1861 ஜனவரி 3-ஆம் தேதி லிங்கன் கேமரனுக்கு எழுதிய கடிதம் அவர் எழுதியவற்றிலேயே கடுமையானவற்றில் ஒன்று. உங்களைப் பார்த்த பிறகு நடந்தவற்றால் உங்களை அமைச்சரவையில் சேர்க்க முடியாமல் போய்விட்டது என்று எடுத்த எடுப்பில் தொடங்குகிறார். இது மெக்ளூர் வேலை என்பீர்கள், அதில் பாதி உண்மை உண்டு, ஆனால் பெரிய காரணம் பென்சில்வேனியாவுக்கு வெளியே இருக்கிறது, அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்கிறார். பிறகு வழியும் காட்டுகிறார்: பதவி வேண்டாம் என்று நீங்களே எனக்கு எழுதிவிடுங்கள், உங்களுக்குத் தர முன்வந்தேன் என்பது வெளியே தெரிவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உடனே செய்யுங்கள், இல்லாவிட்டால் நான் வெளிப்படையாகத் திரும்பப் பெற வேண்டி வரும். நான் இப்படி எழுதுவது உயிரோடிருக்கும் ஒருவருக்கும் தெரியாது. கிடைத்ததும் “சரி” என்று தந்தி கொடுங்கள்.

தந்தி வரவில்லை. கேமரன் மறுக்கவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை. கையில் டிசம்பர் 31 கடிதம் இருக்கும்போது அவர் ஏன் அவசரப்பட வேண்டும்?

ஜனவரி 13-ஆம் தேதி லிங்கன் இறங்கி வந்தார். மிகுந்த கவலையில் எழுதினேன், வார்த்தைகளில் வேண்டிய அளவு கவனமாக இல்லாமல் போயிருக்கலாம், உங்களைப் புண்படுத்த நினைக்கவில்லை, அந்தக் கடிதத்தை அழித்துவிடுங்கள் அல்லது எனக்கே திருப்பி அனுப்புங்கள் என்று எழுதினார். கூடவே இன்னொரு கடிதத்தை வைத்தார். அதில் போட்டிருந்த தேதி ஜனவரி 3! பழைய கடிதத்தின் இடத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிய மென்மையான மாற்றுக் கடிதம் அது. நீங்களாகக் கேட்டு வரவில்லை, நான் அழைத்துத்தான் வந்தீர்கள். என் அழைப்பைத் திரும்பப் பெற அனுமதித்தால் பெரிய சங்கடத்திலிருந்து காப்பாற்றியவர் ஆவீர்கள். உங்கள் திறமை பற்றிய என் எண்ணம் மாறவில்லை என்று அதில் இருந்தது. முன்தேதி போடுவது நம் ஊர் ஆபீஸ்களுக்கும் புதிதல்ல. “நேர்மையான ஏப்” என்று பெயர் வாங்கியவரும் இக்கட்டில் அதைச் செய்தார்.

முடிவில் கேமரனுக்குப் பதவி கிடைத்ததா?

கிடைத்தது, போர்த்துறை. பென்சில்வேனியாவைப் பகைக்க முடியவில்லை.

நிதித்துறையை சேஸுக்குக் கொடுத்ததற்கு என்ன காரணம் சொன்னார்?

ட்ரம்புலுக்கு ஜனவரி 7-ஆம் தேதி எழுதிய கடிதத்தில் இருக்கிறது. ஒஹையோவின் சால்மன் சேஸ் நிதித்துறைக்கு வருவது தகும் மட்டுமல்ல, கட்டாயமும்கூட என்றார். திறமை, உறுதி, தூய்மை மூன்றும் அவரைத் தகுந்தவர் ஆக்குகின்றன. சிவார்ட் நியமனத்தை நியூயார்க் பத்திரிகை ஆசிரியர் பிரையன்ட்டும் அவரைச் சேர்ந்தவர்களும் ஏற்க வேண்டுமானால் அது சேஸ் வந்தால்தான் நடக்கும், அதனால் கட்டாயம். ஒரே வாக்கியத்தில் ஆளின் குணத்தையும் கோஷ்டிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார். இந்தக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பெரும்பாலான தலைவர்கள் முதல் பாதியை மேடையில் சொல்வார்கள், இரண்டாம் பாதியைக் காதோடு சொல்வார்கள்.

சேஸை அழைத்த விதமும் வேடிக்கை. டிசம்பர் 31-ஆம் தேதி, கேமரனுக்குக் கடிதம் கொடுத்த அதே நாளில், ‘இந்தச் சிக்கலான காலத்தில் உங்களோடு பேச விரும்புகிறேன், உடனே வாருங்கள்’ என்று நாலு வரி எழுதினார். சேஸ் வந்தார். நிதித்துறை தந்தால் ஏற்பீர்களா என்று கேட்டார் லிங்கன்; ஆனால் தருகிறேன் என்று சொல்லும் நிலையில் இன்னும் இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார். சேஸே சொல்லியிருக்கும் தகவல் இது. சுயமரியாதை அதிகம் உள்ள அந்த மனிதர் எவ்வளவு கடுப்பாகியிருப்பார் என்று ஊகித்துக்கொள்ளலாம். இந்த முறை மட்டும் காகிதத்தில் ஒன்றும் தரவில்லை, பாருங்கள்.

வெல்ஸ், ஸ்மித், பிளேர் எப்படி வந்தார்கள்?

வெல்ஸ் வந்தது நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு மாநிலங்களின் ஒதுக்கீட்டில் என்று சொல்லலாம். டிசம்பர் 24-ஆம் தேதி ஹாம்லினுக்கு எழுதிய கடிதத்தில், ஜனநாயகக் கட்சிப் பின்னணி உள்ள நியூ இங்கிலாந்துக்காரர் ஒருவர் தேவை என்று லிங்கன் நேராகவே கேட்டார். பாங்க்ஸ், வெல்ஸ், டக் என்று மூன்று பெயர் கொடுத்து, அந்தப் பக்கத்து உறுப்பினர்களுக்கு யார் பிடிக்கும், இல்லை நானே முடிவு செய்யட்டுமா என்றார். மான்ட்கோமரி பிளேர் மேரிலாந்துக்காரர். எல்லை மாநிலம் என்ற கணக்கு அவருக்கும் உதவியது. இப்படிச் சேர்த்ததில் ஏழு பேரில் நால்வர் பழைய ஜனநாயகக் கட்சிக்காரர்கள், மூவர் பழைய விக்குகள். விக் பக்கம் குறைகிறதே என்று கேட்டவர்களுக்கு, நானும் பழைய விக்தானே, என்னைச் சேர்த்தால் சமம் என்பாராம்.

காலெப் ஸ்மித்துக்கு உள்துறை போனது இந்தியானாவின் இன்னொரு ஆசாமி ஷைலர் கோல்ஃபாக்ஸுக்கு வருத்தம். 1858 செனட் தேர்தல் சமயத்தில் தன் எதிராளி டக்ளஸ் பக்கம் கோல்ஃபாக்ஸ் சாய்ந்ததை லிங்கன் மறக்கவில்லையோ என்று சந்தேகம் இருந்தது. 1861 மார்ச் 8-ஆம் தேதி லிங்கன் அவருக்கு எழுதினார்: நீங்கள் இளைஞர், ஏற்கெனவே ஒரு இடத்தில் இருக்கிறீர்கள், உங்களுக்கு எப்படியும் ஒளிமயமான எதிர்காலம் உண்டு, ஸ்மித்துக்கோ இப்போது விட்டால் எப்போதும் இல்லை. உங்கள் மேல் எதையும் மனதில் வைத்து வன்மம் காட்டினேன் என்று ஒரு கணம்கூட நினைக்காதீர்கள். மறுப்புக் கடிதம் எழுத நேர்பவர்கள் இதைப் படித்துப் பார்க்கலாம். கோல்ஃபாக்ஸ் பின்னாளில் துணை அதிபரே ஆனார்.

குடும்பத்தார் தலையிட்டார்களா?

மனைவி மேரி தலையிட்டார். 1861 ஜனவரி 17-ஆம் தேதி அவர் டேவிட் டேவிஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். இது என் வேலை இல்லை என்று நினைப்பீர்கள் என்று தொடங்கி, இலினாய் அரசியல்வாதி நார்மன் ஜட்டை அமைச்சரவையில் சேர்த்தால் தொல்லை வரும், அவருடைய பணவிவகாரங்கள் எப்போதும் சுத்தமாக இருந்ததில்லை என்று கேள்வி என்றார். தேர்தல் ராத்திரிப் பட்டியலில் இருந்த ஜட்டுக்கு அமைச்சர் பதவி கிடைக்கவில்லை. பெர்லினுக்குத் தூதராகப் போனார். மேரியின் கடிதம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஜட்டுக்கு இலினாய் மாநிலத்திலேயே எதிரிகள் ஏராளம். டேவிஸும் அவர்களில் ஒருவர்.

சின்னப் பதவிகளுக்கும் அவரே எழுதினாரா?

எழுதினார். போஸ்ட்மாஸ்டர், சுங்க அதிகாரி, தூதரக வேலை எல்லாமே கட்சிக்காரர்களுக்குக் கொடுக்கும் காலம் அது. தேர்வெழுதி அரசு வேலைக்குப் போகும் முறை 1883-இல்தான் சட்டமானது. சிபாரிசுக் கடிதத்தோடு வெள்ளை மாளிகை மாடிப்படிகளில் கூட்டம் நெரித்தது.

அவருக்கு இந்தக் கூட்டத்தின் மனநிலை தெரியும், ஏனென்றால் ஒருகாலத்தில் அவரும் அதில் நின்றவர். 1849-இல் அரசு நிலங்களை நிர்வகிக்கும் பொது நில அலுவலகத்தின் ஆணையர் பதவிக்கு ஆசைப்பட்டு, ‘வேறெந்த இலினாய்க்காரருக்கும் கிடைப்பதுபோல எனக்கும் கிடைத்தால் உங்களுக்குச் சம்மதம்தானே? அப்படியானால் எழுதி அனுப்புங்கள்’ என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் கடிதம் போட்டார். பதவி ஜஸ்டின் பட்டர்ஃபீல்டுக்குப் போனது. ஆறுதலாக ஒரிகான் பிரதேச ஆளுநர் பதவி வந்தது. வேண்டாம் என்று வக்கீல் தொழிலுக்கே திரும்பினார்.

சிறு சீட்டுகளில்தான் அவருடைய குரல் தெளிவாகக் கேட்கிறது. 1861 அக்டோபர் 17-ஆம் தேதி மேஜர் ராம்சேக்கு எழுதிய சீட்டு இது: “இதைக் கொண்டுவரும் அம்மாளுக்கு வேலை செய்ய விரும்பும் இரண்டு மகன்கள் இருக்கிறார்களாம். முடிந்தால் வேலை கொடுங்கள். வேலை செய்ய விரும்புவது மிக அரிதான குணம், அதை ஊக்குவிக்க வேண்டும்.”

பதவியேற்புக்கு முன்பே சிவார்ட் விலகப் பார்த்தாராமே?

மார்ச் 2-ஆம் தேதி, இரண்டே நாள் இருக்கும்போது, விலகல் கடிதம் கொடுத்தார். சேஸ் உள்ளே வருவது பிடிக்கவில்லை. மிரட்டினால் லிங்கன் மாறுவார் என்று கணக்கு. லிங்கன் இரண்டு நாள் பதிலே போடவில்லை. முதல் சீட்டை சிவார்ட் அடிக்க விட மாட்டேன் என்று செயலாளர் ஜான் நிக்கோலேயிடம் சொல்லிவிட்டு, மார்ச் 4 காலையில் குறுகிய பதில் ஒன்றை அனுப்பினார்: உங்கள் கடிதம் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது, விலகலைத் திரும்பப் பெறும்படி வேண்டுகிறேன், நாளைக் காலை ஒன்பது மணிக்குள் பதில் தாருங்கள். சேஸைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சிவார்ட் தங்கினார். ஏழு பெயர்களும் 5-ஆம் தேதி செனட்டுக்குப் போய் அன்றே ஒப்புதல் பெற்றன.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 1-ஆம் தேதி சிவார்ட் இன்னொரு குறிப்பு அனுப்பினார். அரசுக்குக் கொள்கையே இல்லை, யாராவது ஒருவர் அதைக் கையிலெடுத்து நடத்த வேண்டும் என்ற பொருள்பட எழுதி, அந்த ஒருவர் தானாக இருக்கலாம் என்று கோடிகாட்டினார். “இதைச் செய்தே ஆக வேண்டுமென்றால் நான்தான் செய்ய வேண்டும்” என்று லிங்கன் பதில் எழுதினார். அந்தப் பதில் லிங்கனின் காகிதங்களிலேயே கிடந்தது. அவர் அதை அனுப்பவே இல்லை, நேரில் பேசித் தீர்த்துக்கொண்டார் என்றுதான் வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

அமைச்சர்களை நீக்கும்போது என்ன எழுதினார்?

நீக்கும் கடிதங்கள் நியமனக் கடிதங்களைவிடச் சுவாரசியமானவை.

கேமரனின் துறையில் ஒப்பந்த ஊழல்கள் பெருகின. 1861 டிசம்பரில் அவர் லிங்கனைக் கேட்காமலே, விடுதலையான அடிமைகளுக்கு ஆயுதம் தர வேண்டும் என்ற பரிந்துரையோடு அறிக்கையை அனுப்பிவிட்டார். 1862 ஜனவரி 11-ஆம் தேதி ஒரு குட்டிக் கடிதம் வந்தது: பதவி மாற்றம் வேண்டும் என்று பலமுறை சொன்னீர்கள், இப்போது நிறைவேற்ற முடிகிறது, ரஷ்யாவுக்குத் தூதராக உங்கள் பெயரை அனுப்புகிறேன். கேமரன் மனமுடைந்துபோனார். பிறகு என்ன, பழையபடியே இரண்டாவது கடிதம்! அதே தேதி போட்ட, அன்பும் பாராட்டும் நிறைந்த ஒன்று எழுதப்பட்டது. கேமரன் தாமாகவே விலகியதுபோல ஏற்பாடானது. அவர் இடத்துக்கு எட்வின் ஸ்டான்டன் வந்தார். அந்த ஏப்ரலில் பிரதிநிதிகள் சபை கேமரனைக் கண்டித்துத் தீர்மானம் போட்டபோது, மே 26-ஆம் தேதி லிங்கன் நாடாளுமன்றத்துக்குச் செய்தி அனுப்பி, பழியில் தனக்கும் மற்ற அமைச்சர்களுக்கும் சம பங்கு உண்டு என்றார். கேமரன் அதைக் கடைசிவரை மறக்கவில்லை.

சேஸ் விலகல் கடிதத்தை ஆயுதமாகப் பயன்படுத்தியவர். 1862 டிசம்பரில் சிவார்டை வெளியேற்ற செனட்டர்கள் படையெடுத்தார்கள். பின்னால் சேஸின் தூண்டுதல் இருந்தது. சிவார்டின் விலகல் கடிதம் ஏற்கெனவே லிங்கனிடம் இருந்தது. கோஷ்டி வெளிச்சத்துக்கு வந்து சங்கடப்பட்ட சேஸும் கடிதத்தோடு வந்தார், கொடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கினார். லிங்கன் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். இனி என் பையின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பூசணிக்காய் இருக்கிறது, குதிரையில் நிம்மதியாகப் போகலாம் என்றாராம். டிசம்பர் 20-ஆம் தேதி இருவருக்கும் ஒரே கடிதம் போனது: பொதுநலன் உங்கள் விலகலுக்கு இடம் தரவில்லை, வேலைக்குத் திரும்புங்கள்.

1864 ஜூனில், நியூயார்க் கருவூல நியமனம் ஒன்றில் தகராறு வந்து சேஸ் மறுபடி விலகல் கடிதம் கொடுத்தபோது கதை மாறியது. “ஏற்றுக்கொள்ளப்பட்டது” என்று ஜூன் 30-ஆம் தேதி எழுதினார். உங்கள் திறமையையும் விசுவாசத்தையும் பற்றிச் சொன்ன எதையும் திரும்பப் பெற மாட்டேன், ஆனால் நம் இருவரின் அலுவல் உறவு இனியும் சகிக்க முடியாத சங்கடத்துக்கு வந்துவிட்டது என்றார். அதே ஆண்டு டிசம்பரில் அதே சேஸை உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆக்கினார்.

பிளேருக்குப் போனது 1864 செப்டம்பர் 23-ஆம் தேதிக் கடிதம். உங்கள் விலகல் எனக்கு உதவும் என்றால் எப்போது வேண்டுமானாலும் தருவேன் என்று சொல்லியிருக்கிறீர்கள்; அந்த நேரம் வந்துவிட்டது. முந்தின நாள்தான் ஜான் ஃபிரமான்ட் அதிபர் போட்டியிலிருந்து விலகியிருந்தார். அவருடைய ஆதரவாளர்களுக்கு பிளேரைக் கண்டாலே ஆகாது. கடிதத்தில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை.

எதிரிகளையெல்லாம் பெருந்தன்மையோடு சேர்த்துக்கொண்டார் என்பது உண்மையா?

பாதி. சிவார்ட், சேஸ், பேட்ஸ், கேமரன் நால்வரும் சிகாகோவில் அவருக்குப் போட்டியாக நின்றவர்கள் என்பது நிஜம். ஆனால் ஆறு வயதுக் கட்சியில் இந்தக் கோஷ்டித் தலைவர்களை வெளியே விட்டு ஆட்சி நடத்த அவரால் முடிந்திருக்காது. கடிதங்களைப் படித்தால் பெருந்தன்மையைவிடக் கூட்டல் கழித்தல்தான் அதிகம் தெரிகிறது. அவர்கள் ஒரு குழுவாக இயங்கினார்கள் என்பதும் கொஞ்சம் மிகை. சேஸ் பதவியில் இருந்துகொண்டே 1864-இல் அதிபர் வேட்பாளராகக் காய் நகர்த்தினார். 1865 ஏப்ரலில் லிங்கன் சுடப்பட்டபோது முதல் எழுவரில் பதவியில் மிஞ்சியிருந்தவர்கள் சிவார்டும் வெல்ஸும் மட்டுமே.

அந்தரங்கக் கடிதங்கள் எப்படி வெளியே வந்தன?

லிங்கன் அனுப்பியவை பெற்றவர்களின் குடும்பங்களில் இருந்தன. அவருக்கு வந்தவையும், அவரே வைத்துக்கொண்ட வரைவுகளும் நகல்களும் மூத்த மகன் ராபர்ட் கைக்குப் போயின. முன்னாள் செயலாளர்கள் நிக்கோலே, ஜான் ஹே இருவருக்கும் வாழ்க்கை வரலாறு எழுத ராபர்ட் அவற்றைக் கொடுத்தார். வேறு யாரையும் எளிதில் கிட்டே விடவில்லை. பிறகு நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்தபோதும், தான் இறந்து 21 ஆண்டு ஆகும்வரை திறக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார். 1926 ஜூலை 26-ஆம் தேதி அவர் இறந்தார். 1947-இல் அதே தேதியில் பெட்டிகள் திறக்கப்பட்டன. பெரிய ரகசியம் வெடிக்கும் என்று காத்திருந்த பத்திரிகைகளுக்கு ஏமாற்றம். உள்ளே அதிகமும் சிபாரிசும் வேலைக் கோரிக்கையும்தான். இப்போது அந்தத் தொகுப்பை நூலகத்தின் இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். புதிதாகத் தொடங்குபவர்கள் 1860 டிசம்பர் 8-ஆம் தேதி சிவார்டுக்கு எழுதிய இரண்டு கடிதங்களையும், 1861 ஜனவரியில் கேமரனுக்கு எழுதியவற்றையும் அடுத்தடுத்து படிக்கட்டும்.